பாட்டு வாத்தியார் என்றைக்கு வருவார்?

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையின் சிகாநாதர் கோயிலில், குடைவரையை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பு, கிரந்த எழுத்து, 38 வரிகள். ஏழு ராகங்களுக்குரிய சுரங்களை நான்கு நான்காகக் கோத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டியிருக்கிறார்கள். எழுத்தமைதியை வைத்து 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு என்பார்கள். மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று பலரும் சொல்வதுண்டு. ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. யார் வெட்டியிருந்தாலும், அதன் முடிவில் ஒரு செய்தி ஐயமில்லாமல் இருக்கிறது. உருத்திராச்சாரியாரின் சீடனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான் என்பதே அது. எழுந்து நிற்கும் ஒரு பாறையைப் பாடப்புத்தகமாக்கி, வாத்தியம் பழகுகிறவர்கள் பார்த்துப் பார்த்து வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அதே புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றைக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பாட்டோ படமோ ஆட்டமோ கற்க ஆசை வந்தால் எங்கே போவது? யார் சொல்லிக்கொடுப்பார்? காசு எவ்வளவு ஆகும்? பெற்றோர் இதைக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் முழுப் பதில் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த விளக்கம்.

முன்பு யார் கற்றார்கள் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இந்த மண்ணில் கலை ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை. கர்நாடக இசைக் கச்சேரி மேடைக்குக் கஞ்சிராவைக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் தீவட்டி பிடித்துக்கொண்டிருந்தவர் என்று இசை உலகில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரிடம் பயின்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும்பெயர் பெற்றார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தந்தை முத்தையா பிள்ளையும் மான்பூண்டியாவின் சீடர்தான். மிருதங்கத்தில் 'புதுக்கோட்டைப் பாணி' என்று இன்றும் சொல்வது இவர்கள் வழியைத்தான். பெண்கள் மிருதங்கத்தைத் தொடுவதே அரிதாக இருந்த காலத்தில் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்று மேடையேறியவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்.

விராலிமலையில் வேறொரு வழி இருந்தது. முருகன் கோயிலில் சதிர் ஆடிய 32 பெண்களில் ஒருவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டார், நட்டுவனாரான தந்தையிடமே ஆட்டம் கற்றார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த 32 பேர் மரபில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவரே என்று சொல்கிறார்கள். பெண்களை இப்படிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். அவருடைய தாயும் தேவதாசிச் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து படித்து, பின்னால் மருத்துவரானார். அந்த வழக்கம் ஒழிந்தது முழுக்க நியாயம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆட்டத்தைப் பிறப்பிலிருந்து விடுவித்த கையோடு, யார் வேண்டுமானாலும் வந்து கற்றுக்கொள்ள ஒரு பள்ளிக்கூடத்தை விராலிமலையில் அப்போதே கட்டியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கற்கும் வழி போயிற்று, கற்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள்.

மூன்றாவது வழி நாடகக் கம்பெனி. 1916இல் பிறந்த நடிகர் பி.யு. சின்னப்பா சிறுவயதிலேயே கம்பெனியில் சேர்ந்து, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடி நடித்து வளர்ந்தவர். பாட்டும் வசனமும் அங்கேதான். நல்ல பயிற்சிதான்; அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலை, வீட்டையும் படிப்பையும் விட்டுப் பிரிவது.

குலம், குருவின் வீடு, கம்பெனி என்ற இந்த மூன்று வாசலிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடமே இல்லை. எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும் நுழையக்கூடிய வாசலை அரசுதான் திறக்க வேண்டியிருந்தது. ஓரளவு திறந்தும் இருக்கிறது. எங்கெங்கே என்று பார்க்கலாம்.

முதலாவது, மாவட்ட அரசு இசைப்பள்ளி. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 இடங்களில் இப்பள்ளிகளை நடத்துகிறது, புதுக்கோட்டை நகரிலும் ஒன்று உண்டு. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் பயிற்சி. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை சேரலாம். குரலிசைக்கும் பரதத்துக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பார்கள். நாகசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். மாதாமாதம் உதவித்தொகை உண்டு, இலவச பஸ் பாஸும் உண்டு. ஒரு தவில் வாத்தியாரிடம் தனியாகப் போய்க் கற்றால் ஆகும் செலவை நினைத்தால் இது பெரிய கொடை. ஆனாலும் அப்படி ஒரு பள்ளி இருப்பதே தெரியாத குடும்பங்கள் ஏராளம்.

இங்கே ஒரு சிக்கல். இசைப்பள்ளி பகல் நேரத்தில், வேலை நாள்களில் நடப்பது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? பள்ளிக்கூடத்தில். வயது வரம்பு பன்னிரண்டிலிருந்து தொடங்கினாலும், பள்ளிப் படிப்பை விட்டால்தான் சேர முடியும் என்ற நிலை. குரல் உடையாமலும் விரல் இறுகாமலும் இருக்கும் வயது அதுதான், கற்கத் தோதான வயதும் அதுதான். அந்த ஆண்டுகளை இழந்துவிட்டு பிளஸ் டூவுக்குப் பிறகு வந்து சேர்கிறவர்களுக்கு ஆசிரியர்கள் எவ்வளவு உழைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும்!

இரண்டாவது, அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம். ஐந்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் பாட்டு, பரதம், ஓவியம் முதலானவற்றைக் குறைந்த கட்டணத்தில் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு. பள்ளி நேரத்தோடு மோதாது. மாவட்டக் கலை மன்றம் ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான 'கலை இளமணி'க்குப் போட்டியிடவும் இது ஒரு படி. நகரத்துப் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நகரத்துப் பெற்றோருக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், மாவட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். பதின்மூன்று ஊராட்சி ஒன்றியங்கள். மேற்கே பொன்னமராவதி, வடமேற்கே விராலிமலை, கிழக்கே கறம்பக்குடி, தென்கிழக்கே கடலோரத்தில் மணமேல்குடி. மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அறந்தாங்கியில் பஸ் மாற வேண்டும். மீன்பிடிக் குப்பத்திலிருந்து ஒரு சிறுமி சனிக்கிழமை காலை கிளம்பி ஒன்றரை மணி நேர வகுப்புக்குப் போய்வர, துணைக்கு ஒருவர் நாள் முழுக்க உடன் வர வேண்டும். அந்த ஒருவர் அன்றைய கூலியை விட வேண்டும். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைப்பதால், அன்னவாசல், திருவரங்குளம், அரிமளம் போன்ற பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகளும் அம்மாமார்களும் செலவில்லாமல் வந்துபோக முடிகிறது. தூரத்து ஊர்களுக்கு அது கைகொடுக்காது. அரசு கொடுக்கும் இலவச சைக்கிளோ பிளஸ் ஒன்னில்தான் கைக்கு வருகிறது.

ஆக, எல்லாப் பிள்ளைகளையும் எட்டக்கூடிய ஒரே இடம் அந்தந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதைத்தான். இசைப்பள்ளியும் மன்றமும் தேவை, ஆனால் அவை பிள்ளை தேடிப் போகும் இடங்கள். பிள்ளை தினமும் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பாட்டு வாத்தியார் என்றைக்கு வருவார் என்பதே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், கலைக் கல்வி, உடற்கல்வி, கைத்தொழில் கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரம்பு: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றை மனதில் நிறுத்திப் பாருங்கள். மூன்று வகுப்பும் சேர்ந்து நாற்பது, ஐம்பது பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு ஓவிய ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெரிய ஊரில் பெரிய பள்ளியில் படிப்பவருக்கு உரிமை, சின்ன ஊரில் படிப்பவருக்கு அதிர்ஷ்டம் என்று ஆகிவிடுகிறது. பக்கத்தில் டியூஷனோ டான்ஸ் கிளாஸோ இல்லாத ஊர்ப் பிள்ளைகள்தான் இந்த வரம்புக்குக் கீழே விழுகிறார்கள். எனக்கு இது நெடுநாள் உறுத்தல்.

இந்தச் சட்டத்தை ஒட்டித் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி என்று பல பாடங்களுக்கு. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. பிறகு 10,000, அதன் பிறகு 12,500 ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதும் பணி நிரந்தரம் வேண்டும் என்பதும் அவர்களுடைய நெடுங்காலக் குறைகள். இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் டிராயிங் சார் மற்ற நாள்களில் சுவர் விளம்பரம் எழுதுவார், பேனர் வடிவமைப்பார், கல்யாண வீட்டில் மேடை அலங்காரம் செய்வார். பல பேர் வேலையை விட்டும் போனார்கள். ஓவிய ஆசிரியருக்கு மரியாதையான ஊதியம் கொடுக்காமல் பிள்ளைக்குக் கலைக் கல்வி கொடுக்க முடியாது.

ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் இன்னொரு தடை. கால அட்டவணையில் டிராயிங் பீரியட் இருக்கும். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் அது கணக்குக்குப் போய்விடும், பத்தாம் வகுப்பில் எப்போதுமே போய்விடும். கலைக் கல்வி பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னது. மதிப்பெண் இல்லாத பாடத்துக்கு நம் பள்ளிகளில் நாற்காலி கிடைப்பதில்லை.

2022-23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய கலைத்திருவிழா இதை ஓரளவு மாற்றியிருக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். முதலில் ஆறு முதல் பன்னிரண்டு வரை, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும். மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். தலைமை ஆசிரியர்கள் கலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான். கரகமும் ஒயிலும் பறையும் பள்ளி மேடையில் பெருமையோடு ஏறுவது நல்ல மாற்றம். ஊர்ச் சாவுக்கு அடிக்கும் வாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட பறையை அடித்து ஒரு பிள்ளை பள்ளிக்குப் பரிசு வாங்கிவருவது சாதாரண விஷயமில்லை.

என்றாலும் போட்டி வேறு, பாடம் வேறு. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு யூடியூபைப் பார்த்து ஒரு டான்ஸைப் பழக்கி, ஏற்கெனவே ஆடத் தெரிந்த எட்டுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். மீதி நாற்பது பேர் கைதட்டுகிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அந்த நாற்பது பேர். அடவு வராத பிள்ளை, கோடு கோணலாகப் போகும் பிள்ளை, வாயைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை. அவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம், ஆண்டு முழுக்க, தவறாமல் கிடைக்க வேண்டும்.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். புதுக்கோட்டையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பேன். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்குப் பேர் போன ஊர் இது, நாடக நடிகர்களுக்குச் சங்கமே இருக்கிறது. திருவிழாக் காலம் முடிந்து மழை மாதங்கள் வந்தால் ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் வேலை குறைந்துவிடும். பள்ளி நடக்கும் மாதங்கள் அவை. ஒன்றியத்துக்கு நான்கு கலைஞர்களை, மதிப்பூதியம் பேசி, வாரத்துக்கு ஒரு பள்ளி என்று சுற்றிவரச் செய்தால் நூறு பிள்ளை வரம்பைத் தாண்டிய வழி பிறக்கும்.

கலை என்றால் மேடையில் நடப்பது மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால் 33 அடி உயரக் குதிரை நிற்கிறது. மாசிமகத்தன்று அந்தக் குதிரைக்கு மக்கள் காகிதப்பூ மாலை சார்த்துவார்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு மாலையும் குதிரையின் உயரத்துக்குத் தக்க நீளமாக இருக்க வேண்டும். வண்ணக் காகிதத்தை மடித்து, வெட்டி, இதழ் இதழாகச் சுருக்கிக் கட்டி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று கண்ணாலேயே பார்த்துத் தொடுக்கும் வேலை. அதைச் செய்கிறவர் கையில் ஒரு கைத்தொழில் வகுப்புக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது. மாசிக்கு முந்தைய மாதம் ஒரு நாள் அவரைப் பள்ளிக்கு அழைத்து, பிள்ளைகளோடு உட்காரவைத்தால் போதும். செலவு காகிதமும் நூலும்.

பக்கத்திலேயே பாடசாலையாகப் பயன்படுத்தக்கூடிய இடங்களும் இருக்கின்றன. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம், மீன், அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள். ஓவியம் கற்கும் பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு தாமரை இலையை மட்டும் பார்த்து வரையச் சொல்லலாம். இலையின் விளிம்பு எங்கே திரும்புகிறது என்று ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்த பிள்ளை வேறு விதமாகப் பார்க்கப் பழகிவிடும். 1910இல் தொடங்கிய திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகமும், கொடுங்கையில் கல்லை மரச்சட்டம்போல் இழைத்திருக்கும் ஆவுடையார்கோயிலும் அப்படித்தான். இப்போது பள்ளிச் சுற்றுலா என்றால் வரிசையாக நடந்து, குழுப் புகைப்படம் எடுத்து, புளியோதரை சாப்பிட்டுத் திரும்புவது என்றாகிவிட்டது. (அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அழைத்துப் போகிறவர்கள் கவனிக்கவும்.)

முழுநேரக் கலைப் பயிற்சியையும் பள்ளிப் படிப்பையும் ஒன்றாக நடத்திக் காட்டியவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுத்துப் பாடமும் கூத்தும் கற்பித்தது. பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். கற்றால் இரண்டையும் கற்கலாம் என்பதற்கு அது சான்று. ஒரு தனி நிறுவனம் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கும் அதுவே சான்று.

நேரத்தைப் பற்றிய பாடம் புதுக்கோட்டையிலேயே இருக்கிறது. 1991-92இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம், வேலை முடிந்து வந்த பெண்களுக்கு அவர்கள் தெருவிலேயே, அவர்களால் வர முடிகிற இரவு நேரத்தில் வகுப்பு வைத்தது. பாட்டும் வீதி நாடகமும் ஊர் ஊராகப் போயின. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். கற்பவர் நேரத்துக்குக் கற்பிப்பவர் போனதால்தான் அது ஓடியது. இசைப்பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே மாலை ஐந்து முதல் ஏழு வரை அறந்தாங்கி, பொன்னமராவதி, விராலிமலை ஆகிய ஊர்களில் கிளை வகுப்பு வைப்பதும் அந்த வழிதான். கூடுதல் ஊதியமும் ஒரு பள்ளிக் கட்டடத்தின் இரண்டு அறைகளும் தேவைப்படும்.

உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி இருந்தால் இன்னும் இரண்டு வாசல்கள். மத்திய அரசின் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திறனறிந்து உதவித்தொகை தருகிறது. மரபுக் கலைஞர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள், தவில்காரர் வீட்டுப் பிள்ளைகள் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பு. சேர்க்கையின்போது வரையவைத்துப் பார்ப்பார்கள் என்பதால் ஓராண்டாவது கையைப் பழக்கியிருக்க வேண்டும். இசைக்குத் திருவையாறு அரசு இசைக் கல்லூரி, சிற்பத்துக்கு மாமல்லபுரம். ஓவியம் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்கும் அப்பாமார்களுக்கு: அனிமேஷன், துணி வடிவமைப்பு, விளம்பரம், பதிப்பகம், சினிமாவின் கலை இயக்கம் என்று வரையத் தெரிந்தவருக்கு வேலைகள் உண்டு. எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடாது. அது பொறியியல் படித்தவருக்கும் பொருந்தும்.

பள்ளியில் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுதான். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் என்று கேட்கும் பட்டியலில் கலை வகுப்பையும் ஒரு தீர்மானமாகச் சேர்க்கலாம். பொதுவாக 'கலை ஆசிரியர் வேண்டும்' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தக் கிழமை, எந்தப் பீரியட், ஊரில் உள்ள எந்தக் கலைஞர், ஒரு வகுப்புக்கு எவ்வளவு மதிப்பூதியம், ஆர்மோனியமும் பறையும் எந்த அறையில் பூட்டிவைக்கப்படும், சாவி யாரிடம் என்பது வரை எழுத வேண்டும். சனிக்கிழமை வகுப்பு என்றால் பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றரைக்கு வகுப்பு முடிந்து ஒன்றேகாலுக்கே பஸ் போய்விட்டால், அடுத்த வாரம் வெளியூர்ப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.